தென்னாப்பிரிக்காவில் வாடகை வீடு: உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு தாங்கும்? முழுமையான வழிகாட்டி

டர்பனுக்கு வேலைக்கு வந்து சேர்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது: "அக்கா, சம்பளம் 20,000 ரேண்ட். எவ்வளவு வாடகைக்கு வீடு பார்க்கட்டும்?" சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை, அதனால் என்னிடம் வருகிறார்கள். கேட்டவுடன் ஒரு தொகையைச் சொன்னால் அது தப்பாகத்தான் இருக்கும். வாடகை, கணக்கின் கடைசி வரியில் வர வேண்டிய எண். அதை முதல் வரியில் எழுதிவிட்டு மற்ற செலவுகளை மிச்சத்துக்குள் திணிப்பவர்கள்தான் நான்காவது மாதம் கடன் கேட்டு அலைகிறார்கள்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு சனிக்கிழமை காலை போதும். வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே செய்துவிட வேண்டும். பிடித்த வீட்டைப் பார்த்த பிறகு போடும் கணக்கு, எப்படியாவது அந்த வீட்டுக்குப் பொருந்தும்படி வளைந்துவிடும்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு முழு மாதத்தின் சம்பளச் சீட்டு வேண்டும். மாத நடுவில் சேர்ந்தவர்களின் முதல் சீட்டில் பாதிச் சம்பளமும் பாதிப் பிடித்தமும்தான் இருக்கும். அதை இரண்டால் பெருக்கி முழு மாதக் கணக்கு போடாதீர்கள், வரி அப்படிப் பெருகாது. இரண்டாவது சீட்டு வரும்வரை பொறுங்கள்.

கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், கட்ட வேண்டிய கடன்களின் பட்டியல், வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளை நினைவுபடுத்த ஒரு காலண்டர், ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

இன்னொன்று: ரேண்டை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை அன்றைக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். மாற்றிப் பார்த்தால் சம்பளம் பெரிதாகத் தெரியும், வாடகையும் பெரிதாகத் தெரியும், இரண்டுக்கும் உள்ள பொருத்தம் தெரியாது. ஊருக்கு அனுப்பும் தொகைக்கு மட்டும் ரூபாய்க் கணக்கு போதும்.

2. கைக்கு வரும் பணத்தைக் கண்டுபிடியுங்கள்

வேலை உத்தரவில் எழுதியிருக்கும் சம்பளத்தை மறந்துவிடுங்கள். சீட்டின் அடியில் வங்கிக்குப் போகும் தொகை எதுவோ அதுதான் உங்கள் வருமானம்.

போன வருடம் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்ட ஒரு தம்பியின் சீட்டையே எடுத்துக்கொள்கிறேன். மொத்தச் சம்பளம் 20,000. ஓய்வூதிய நிதிக்கு 7.5 சதவீதம், அதாவது 1,500. மருத்துவத் திட்டத்துக்கு 2,000. வேலையின்மைக் காப்பீட்டு நிதி, சீட்டில் யூ.ஐ.எஃப். என்று இருக்கும், 177 ரேண்ட் 12 சென்ட். இது சம்பளத்தில் 1 சதவீதம், ஆனால் மாதச் சம்பளம் 17,712-ஐத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் ஏறாது.

அப்புறம் வருமான வரி. சீட்டில் பி.ஏ.ஒய்.இ. என்று போட்டிருப்பார்கள். 2025 மார்ச் முதல் 2026 பிப்ரவரி வரையிலான வரி ஆண்டில், 2,37,100 வரையிலான வருட வருமானத்துக்கு 18 சதவீதம், அப்படி வரும் வரியில் 17,235 தள்ளுபடி. ஓய்வூதியப் பிடித்தம் போக இந்தத் தம்பிக்கு வரி விதிக்கும் வருமானம் 2,22,000. மாதத்துக்கு 1,894 வரி வருகிறது. மருத்துவத் திட்டத்தில் இருப்பதால் அதில் 364 குறைகிறது. மீதி 1,530. ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி பட்ஜெட்டில் இந்த அளவுகள் மாறலாம், ஆகவே நீங்கள் உங்கள் சீட்டில் உள்ள தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் போக அவர் கைக்கு வருவது சுமார் 14,793. இருபதாயிரம் என்று வந்தவரின் முகம் அந்த இடத்தில் வாடிப்போனது. ஆனால் வீடு பிடித்த பிறகு வாடுவதைவிட அங்கே வாடியதே நல்லது.

ஓவர்டைம், கமிஷன், டிசம்பரில் வரும் பதின்மூன்றாவது சம்பளம், இவை எதையும் இதில் சேர்க்காதீர்கள். வாடகை பன்னிரண்டு மாதமும் வரும். இவை வராத மாதம் உண்டு.

3. ஏஜென்ட் சொல்லும் 30 சதவீதம்

"மொத்தச் சம்பளத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருந்தால் சரி" என்று ஏஜென்ட் சொல்வார். இந்தத் தம்பிக்கு அது 6,000. டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம்பில் 5,900-க்கு ஒரு ஃப்ளாட் பார்த்து, விண்ணப்பமும் ஏற்கப்பட்டு, சந்தோஷத்தோடுதான் என்னிடம் வந்தார்.

6,000 என்பது மொத்தச் சம்பளத்தில் 30 சதவீதம். கைக்கு வரும் 14,793-இல் அது 40 சதவீதத்துக்கும் மேல். வாடகை ஒழுங்காக வருமா என்று பார்ப்பது ஏஜென்ட்டின் வேலை. நீங்கள் ஊருக்குப் பணம் அனுப்புகிறீர்களா, வேலைக்கு இரண்டு டாக்சி (இங்கே டாக்சி என்றால் பலர் சேர்ந்து போகும் வேன்) மாறுகிறீர்களா என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. விண்ணப்பம் தேறியது என்றால் அவருடைய அளவுகோலில் தேறியது, அவ்வளவே. உங்கள் அளவுகோலை நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும். அது அடுத்த படி.

4. வீட்டோடு சம்பந்தமில்லாத செலவுகளை முதலில் கழியுங்கள்

எந்த வீட்டில் இருந்தாலும் மாறாத செலவுகள் இவை. முதலில் கழிக்கச் சொல்வதற்குக் காரணம், வாடகை போன பிறகு கழித்தால் நீங்கள் வெட்டுவது இவற்றைத்தான். அம்மாவுக்கு அனுப்பும் பணத்தைக் குறைத்து வாடகை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதம் அவர்கள் ஊருக்குப் போன் பேசுவதைக்கூடத் தள்ளிப்போடுவார்கள்.

அந்தத் தம்பியின் பட்டியல் இது:

ஊருக்கு அனுப்புவது, அனுப்பும் கட்டணத்தோடு: 3,000
விமான டிக்கெட்டுக்கு வாங்கிய கடன்: 1,000
சாப்பாடு: 2,800
போன், டேட்டா: 400
துணிமணி, சோப்பு, முடிவெட்டு: 500
கோயில், நல்லது கெட்டது: 300
வருடச் செலவுக்கு மாதா மாதம் எடுத்து வைப்பது: 700
சேமிப்பு: 600

மொத்தம் 9,300. கைக்கு வரும் 14,793-இல் இதைக் கழித்தால் மிச்சம் 5,493.

சாப்பாட்டுத் தொகையில்தான் எல்லோரும் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். "நானே சமைப்பேன் அக்கா, 1,500 போதும்" என்பார்கள். வங்கி விவரத்தை விரித்து வைத்து கடைகளில் போன தொகையைக் கூட்டிப் பார்த்தால் இரண்டாயிரத்துக்கு மேல் நிற்கும். வேலை விட்டு வரும் வழியில் வாங்கும் பன்னி சோவும் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தருவது) சாப்பாடுதான். மனதில் உள்ள தொகையை விட்டுவிட்டு விவரத்தில் உள்ளதை எழுதுங்கள்.

வருடச் செலவு என்பது விசா புதுப்பிப்பு, தீபாவளி, தைப்பூசக் காவடி, ஊருக்குப் போகும் டிக்கெட், திடீரென்று வரும் சாவுச் செய்தி. இவற்றைக் காலண்டரைப் பார்த்து எழுதி, பன்னிரண்டால் வகுத்து, மாதச் செலவாக்கிவிடுங்கள். கார் வைத்திருப்பவர்கள் டயரையும் இன்சூரன்ஸையும் இதிலேயே சேர்க்க வேண்டும். பெட்ரோல் விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும். ஆகவே மூன்று மாதச் சராசரியை எடுங்கள்.

ஜனவரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல கம்பெனிகள் டிசம்பர் நடுவில் மூடிவிட்டு 15-ஆம் தேதியே சம்பளம் போடுகின்றன. அடுத்த சம்பளம் ஜனவரி 25. நடுவில் 41 நாள். பண்டிகை, விருந்தாளிகள், பிள்ளைகள் இருந்தால் பள்ளிக் கட்டணமும் சீருடையும், எல்லாம் அந்த 41 நாளுக்குள் வரும். ஜனவரி 1-ஆம் தேதி வாடகையும் வரும். டிசம்பர் சம்பளம் கணக்கில் விழுந்த அன்றே ஜனவரி வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் ஜனவரியில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

5. மிச்சம் முழுவதும் வாடகை இல்லை

5,493 வந்ததும் தம்பி "அப்போ 5,400-க்குப் பார்க்கலாம்" என்றார். எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். இந்தத் தொகை வாடகை, லைட்ஸ், தண்ணீர், வேலைக்குப் போய்வரும் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து. இங்கே கரண்டை லைட்ஸ் என்றுதான் சொல்வார்கள், நீங்களும் வீடு கேட்கும்போது அப்படியே கேளுங்கள்.

போக்குவரத்தை வாடகையோடு சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம், வீடு மாறினால் அதுவும் மாறும் என்பதுதான். இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டு.

தம்பிக்கு வேலை டர்பனுக்கு வடக்கே உம்ஹ்லாங்காவில். அந்த ஃப்ளாட் போகப் பார்த்து வைத்திருந்த இடங்கள் இரண்டு. இரண்டுமே அவுட்பில்டிங், அதாவது பெரிய வீட்டின் பின்புறம் தனி வாசலோடு கட்டிய ஓர் அறையும் சமையல் இடமும்.

முதலாவது டர்பனின் தெற்கே சாட்ஸ்வர்த்தில். வாடகை 3,200. வேலைக்குப் போக டவுனில் இறங்கி இன்னொரு டாக்சி மாற வேண்டும். ஒரு நாளைக்குப் போக வர 100 ரேண்ட், 22 வேலைநாளுக்கு 2,200. லைட்ஸ் 500. மொத்தம் 5,900.

இரண்டாவது வடக்கே ஃபீனிக்ஸில். வாடகை 3,700. ஒரே டாக்சி, நாளைக்கு 50 ரேண்ட், மாதம் 1,100. லைட்ஸ் 500. மொத்தம் 5,300.

வாடகை 500 குறைவான வீடு, மாத முடிவில் 600 கூடுதலாக எடுக்கிறது. அதோடு தினமும் ஒன்றரை மணி நேரம் போகிறது. டாக்சிக் கட்டணங்களை யாரையும் கேட்டு எழுதாதீர்கள். வேலைக்குப் போகும் நேரத்திலேயே அந்த இடத்திலிருந்து ஒருமுறை போய்ப் பாருங்கள். காலை ஆறரைக்கு வரிசை எவ்வளவு நீளம், கடைசி டாக்சி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஷிப்ட் முடிய இரவாகிவிடும் என்றால் இது இன்னும் முக்கியம். டாக்சி இல்லாத இரவுகளில் ஆப் மூலம் வண்டி கூப்பிட வேண்டியிருக்கும். மாதத்துக்கு நாலு முறை அப்படி ஆனாலே, வாடகையில் மிச்சம் பிடித்தது போய்விடும்.

மவுண்ட் எட்ஜ்கோம்ப் ஃப்ளாட்டையும் இதே தராசில் வைத்தோம். வாடகை 5,900, லைட்ஸ் 700, டாக்சி 900. மொத்தம் 7,500. மாதம் இரண்டாயிரம் துண்டு விழுகிறது. அந்த விண்ணப்பத்தை அன்றைக்கே அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

6. மீட்டரைக் கண்ணால் பாருங்கள்

வாடகைக்கு அடுத்தபடி கையைக் கடிப்பது லைட்ஸ்தான். வீடு பார்க்கப் போகும்போதே இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

முதலில், மீட்டர் யாருடையது? மாநகராட்சியின் பிரீபெய்ட் மீட்டரா, அல்லது வீட்டுக்காரர் தனியார் கம்பெனியிடம் வாங்கிப் பொருத்திய துணை மீட்டரா? இரண்டிலும் கடையிலோ போனிலோ பணம் கட்டி 20 இலக்க எண்ணை வாங்கி அழுத்துவதுதான். ஆனால் துணை மீட்டராக இருந்தால், நீங்கள் கட்டும் பணத்தில் சேவைக் கட்டணம் என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். 200 ரேண்டுக்கு எத்தனை யூனிட் வந்தது என்று பழைய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தனி மீட்டரே இல்லாமல் பெரிய வீட்டோடு சேர்ந்திருந்தால் எப்படிப் பங்கு போடுகிறார்கள்? நான் முதலில் இருந்த அவுட்பில்டிங்கில் "பாதிப் பாதி" என்றார்கள். முன் வீட்டில் ஆறு பேர், பின்னால் நான் ஒருத்தி. சமையலுக்கு எனக்கு கேஸ் அடுப்பு, அவர்கள் வீட்டில் எப்போதும் ஓடும் வாஷிங் மெஷின். மூன்று மாதம் பாதிக் காசு கட்டிய பிறகுதான் கேட்கத் துணிந்தேன். வாடகை பேசும்போதே "தலைக்கு இவ்வளவு" என்றோ "மாதம் நிலையாக இவ்வளவு" என்றோ முடித்து, எழுதியும் வாங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது, கீசர். சுடுதண்ணீர்த் தொட்டியைப் போல லைட்ஸ் தின்னும் சாமான் வீட்டில் வேறில்லை. அதற்குத் தனி சுவிட்ச் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டர்பனின் வெயிலுக்கு வருடத்தில் பாதி நாள் அது அணைந்தே கிடக்கலாம்.

மாநகராட்சியின் மின்சார, தண்ணீர்க் கட்டணங்கள் ஒவ்வொரு வருடமும் ஜூலை 1-ஆம் தேதி உயரும். மே மாதம் வீடு பார்ப்பவர்கள் அன்றைய ரசீதை நம்பாமல் கொஞ்சம் கூட்டி எழுதுங்கள்.

7. குடிபோகும் நாளுக்கான பணம் தனிக்கணக்கு

மாதக் கணக்கு சரியாக வந்தவர்களும் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். சாவி வாங்கும் அன்று ஒரு மாத டெபாசிட்டும் முதல் மாத வாடகையும் கட்ட வேண்டும். சிலர் இரண்டு மாத டெபாசிட் கேட்பார்கள். ஏஜென்ட் இருந்தால் ஒப்பந்தம் எழுதும் கட்டணமும் உண்டு. வாடகை 3,700 என்றால் 7,400 அங்கேயே போய்விடும். படுக்கை, அடுப்பு, பழைய ஃபிரிட்ஜ், திரைச்சீலை என்று இன்னொரு 4,000. ஆக 11,000-க்கு மேல் கையில் இல்லாமல் தேதி குறிக்காதீர்கள். அதைச் சேர்க்கும்வரை யாரோடாவது அறையைப் பகிர்ந்து இருந்துகொள்ளலாம்.

வட்டிக்கு வாங்கி டெபாசிட் கட்டினால், நாலாவது படியில் புதிதாக ஒரு வரி சேர்ந்துவிடும். ஓய்வூதிய நிதியிலிருந்து எடுக்கலாம் என்றும் சிலர் யோசனை சொல்கிறார்கள். 2024 செப்டம்பர் 1 முதல், வரி ஆண்டுக்கு ஒருமுறை, சேமிப்புப் பகுதியில் குறைந்தது 2,000 இருந்தால் எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எடுக்கும் தொகைக்கு உங்கள் வருமானத்துக்குரிய வரி முழுவதும் பிடிப்பார்கள். நிர்வாகக் கட்டணமும் போகும். உயிர் போகிற அவசரத்துக்கு வைத்திருங்கள், ஃபிரிட்ஜ் வாங்க வேண்டாம்.

டெபாசிட்டைச் செலவாக எழுதாமல் திரும்பி வரும் பணமாக எழுதுங்கள், அது திரும்பி வருவதற்கான வேலையையும் முதல் நாளே செய்துவிடுங்கள். 1999-ஆம் வருட வாடகை வீட்டுச் சட்டப்படி, டெபாசிட்டை வீட்டுக்காரர் வட்டி வரும் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். குடிவரும்போதும் போகும்போதும் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துப் பழுதுகளை எழுத வேண்டும். பாக்கி எதுவும் இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்து 7 நாளுக்குள் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். சுவரில் ஈரம், உடைந்த டைல், மூடாத ஜன்னல், எல்லாவற்றையும் தேதி தெரியும்படி போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேளுங்கள், அது உங்கள் உரிமை. தகராறு என்று வந்தால் மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது.

புதிதாக வந்தவர்களிடம் மூன்று மாதச் சம்பளச் சீட்டு இருக்காது. ஏஜென்ட் அதைத்தான் முதலில் கேட்பார். வேலை உறுதிக் கடிதத்தில் சம்பளமும் ஒப்பந்தக் காலமும் இருக்கும்படி அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

8. இரண்டு மாதம் ஒத்திகை

இதுவரை போட்டது தாளில் உள்ள கணக்கு. தாளில் எல்லாம் ஒத்துப்போகும்.

இப்போது இருக்கும் இடத்திலேயே இருந்துகொண்டு, புது வீட்டுக்கு ஆகும் 5,300 ரேண்டில் இன்றைய அறை வாடகை, லைட்ஸ், போக்குவரத்து போக மிச்சத்தைச் சம்பளம் வந்த 25-ஆம் தேதியே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதம் முடிய அதைத் தொடக்கூடாது. இரண்டு மாதம் தொடாமல் இருக்க முடிந்தால் அந்த வாடகை உங்களுக்குத் தாங்கும். 18-ஆம் தேதி அதிலிருந்து 400 எடுக்க வேண்டி வந்தால், எதற்காக எடுத்தீர்கள் என்று நாலாவது படியில் எழுதிச் சேருங்கள். வாடகை வரம்பை 400 இறக்குங்கள்.

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. "வீடு போய்விடும் அக்கா" என்பார்கள். போனால் போகட்டும், ஃபீனிக்ஸில் அவுட்பில்டிங்குக்குப் பஞ்சமில்லை. அந்த இரண்டு மாதப் பணம் அப்படியே டெபாசிட்டுக்கு உதவும், அதனால் நஷ்டம் எதுவும் கிடையாது. அந்தத் தம்பி முதல் மாதம் தோற்றார். சாப்பாட்டுக்கு 2,800 போதவில்லை, 3,100 ஆனது. கணக்கைத் திருத்தி, அதே தெருவில் 3,400-க்கு இன்னும் சின்ன அறையாகப் பார்த்துப் போனார்.

9. கையெழுத்துக்கு முன் அடுத்த வருடத்தையும் எழுதுங்கள்

ஒப்பந்தத்தில் எஸ்கலேஷன் என்று ஒரு வரி இருக்கும். வருடாவருடம் வாடகை எத்தனை சதவீதம் ஏறும் என்பது அதில் வரும். 8 சதவீதம் என்றால் 3,400 அடுத்த வருடம் 3,672 ஆகும், அதற்கடுத்த வருடம் 3,966. உங்கள் சம்பளம் அதே அளவு ஏறுமா? ஏறும் என்று யாரும் எழுதித் தரவில்லையென்றால் ஏறாது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மருத்துவத் திட்டத்தின் சந்தாவும் ஜனவரியில் ஏறும் என்பதால் கைக்கு வரும் தொகை குறையவும் கூடும்.

இந்தச் சதவீதம் பேசி முடிக்கக்கூடிய ஒன்று. கையெழுத்துப் போடும் முன் கேட்டால் ஒன்றோ இரண்டோ குறைப்பார்கள், போட்ட பிறகு யாரும் குறைக்க மாட்டார்கள். ஏஜென்ட் இல்லாத தனியார் வீடென்றால் வாய்ப்பேச்சோடு விடாமல் ஒப்பந்தத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் எழுதித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

வாடகைக்கான டெபிட் ஆர்டரை (உங்கள் கணக்கிலிருந்து தானாகவே பணம் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு) 1-ஆம் தேதிக்குப் போடுங்கள், சம்பளத் தேதிக்கும் அதற்கும் நடுவில் வேறு எந்தக் கடன் பிடித்தமும் முந்தாதபடி பாருங்கள். பணம் இல்லாமல் டெபிட் ஆர்டர் திரும்பினால் வங்கி அதற்குத் தனிக் கட்டணம் பிடிக்கும். வங்கி விவரத்திலும் அது தெரியும், அடுத்த வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது ஏஜென்ட் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

குடிபோன மூன்றாவது மாதம், அதே நோட்டை எடுத்து லைட்ஸ், டாக்சி, சாப்பாடு மூன்றையும் மட்டும் உண்மைத் தொகையோடு மறுபடி எழுதிப் பாருங்கள். மாதம் 300-க்கு மேல் துண்டு விழுந்தால் அப்போதே அறைக்கு ஓர் ஆளைச் சேர்க்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஆறு மாத பாக்கி சேர்ந்த பிறகு கேட்டால் எந்த வீட்டுக்காரரும் காதில் வாங்க மாட்டார்.